கண்ணைக் காக்கும் நரம்புகள்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் இருக்கிறது சானமாவுக் காடு. குளிர்காலம் தொடங்கியதும் கர்நாடக வனங்களிலிருந்து யானைக் கூட்டங்கள் வந்து தங்கும் இடம் அது. அக்காட்டை ஒட்டிய ஊர்களிலிருந்து, பனி விலகாத அதிகாலையில் இருசக்கர வண்டிகளில் தொழிற்சாலை வேலைக்குப் புறப்படுவோர் பலர். அவர்களில் ஒருவர் உறங்கி எழும்போது வாய் ஒருபுறம் கோணி, ஒரு கண்ணை மூட இயலாது போனால், 'குளிர்காற்று அடித்துவிட்டது' என்று சொல்லிவிடுவார்கள். தமிழில் முகவாதம் எனப்படும் இந்நோயை உருது பேசும் நம் மக்கள் 'லக்வா' என்பர். காற்றுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் அன்று காலை முதல் அந்தக் கண் காவலிழந்து நிற்கிறது என்பது உறுதி. பேச்சு வாயின் கோணலைப் பற்றியே நடக்கும். இழப்பு கண்ணுக்கு நேரும்.

இதை விளங்கிக்கொள்ள, கண்ணையும் முகத்தையும் ஆளும் நரம்புகளை அறிதல் வேண்டும். மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் நரம்புகள் 12 இணைகள். அவற்றுள் இரண்டாவது, காட்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் பார்வை நரம்பு. மூன்றாவது, நான்காவது, ஆறாவது நரம்புகள் விழியை நாற்புறமும் திருப்புகின்றன; மேல் இமையை உயர்த்துவது மூன்றாவதன் பணி. ஐந்தாவது நரம்பு மூன்று கிளைகளாகப் பிரிந்து நெற்றி, கன்னம், தாடை ஆகியவற்றின் உணர்ச்சியைச் சுமக்கிறது. கருவிழியில் ஒரு தூசு விழுந்தாலும் அறிவிப்பது அதன் முதற்கிளையே. ஏழாவதாகிய முக நரம்பு, காதின் அருகே எலும்பினூடே அமைந்த குறுகிய குழாய் வழியாக வெளிவந்து, புன்னகைக்கவும் நெற்றியைச் சுருக்கவும் கண்ணை மூடவும் ஆணையிடுகிறது.

ஆகவே ஒரு நரம்பு இமையைத் திறக்க, வேறொன்று மூடுகிறது; மூடவேண்டிய தருணத்தை மற்றொன்று உணர்த்துகிறது. நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவில் நாம் அறியாமலே இமைக்கும் செயலால்தான் கண்ணீர் பரவிக் கருவிழி ஈரமாக இருக்கிறது. முக நரம்பு அக்குறுகிய குழாயினுள் வீங்கி நசுங்கினால் இமைத்தல் நின்றுவிடுகிறது. கருவிழி உலர்ந்து, புண்ணாகி, தழும்பேறுகிறது. பார்வை நரம்பில் ஒரு குறையும் இல்லாமலே பார்வை போய்விடுகிறது.

லக்வா என்ற இந்த அரபுச் சொல் மருத்துவ நூல்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கிவருவது. அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸி (865–925) எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து அவரது மறைவுக்குப் பின் தொகுக்கப்பட்ட 'அல்-ஹாவி', முகத்தசை இழுப்பையும் முகத்தசைச் செயலிழப்பையும் வேறுபடுத்துகிறது. மூளையில் எழும் கோளாறையும் நரம்பில் மட்டும் எழும் கோளாறையும் பிரித்துக் காண்கிறது. நெற்றியின் சுருக்கம் மறைவதையும் குறிப்பிடுகிறது. 1279இல் அந்நூல் இலத்தீனுக்குச் சென்றது. இதன் நரம்பியல் அடிப்படையை 1821இல் விளக்கிய சார்ல்ஸ் பெல்லின் பெயரால் இன்று இது 'பெல் வாதம்' எனப்படுகிறது.

நெற்றியைப் பற்றிய அக்குறிப்பு இன்றும் பயன்படுகிறது. நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் ஆணை வருகிறது. எனவே மூளையின் ஒரு பாதியில் பக்கவாதம் தாக்கினால் வாய் கோணினும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். முக நரம்பே பழுதுபட்டால் அப்பக்க நெற்றியும் அசையாது. எனினும் இச்சோதனையை நாமே செய்து நிறைவடைந்துவிடலாகாது. வாய்க் கோணலுடன் கை கால் தளர்வோ, பேச்சுக் குழறலோ இருந்தால் ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரமே பொதுவான எல்லை. பெல் வாதத்துக்கான ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நன்று. பத்தில் ஏழு பேருக்கு இந்நோய் தானாகவே முழுமையாகக் குணமாகும் என்பதால்தான், புறாக்கறியும் எண்ணெய்த் தடவலும் பலித்ததாகப் பெயர் பெறுகின்றன. அவற்றை நம்பிக் காத்திருக்கும் நாட்களில் கண்ணைக் காப்பவர் எவருமில்லை. பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பிட்டு இமையை மூடி ஒட்டுதல், வெளியே கண்ணாடி: எளிய காவல் இவ்வளவே.

ஐந்தாவதும் ஏழாவதும் சேர்ந்தே பழுதுபட்டால்? தொழுநோயில் அதுவே நேர்கிறது. கண் மூடுவதுமில்லை, புண்பட்டாலும் வலிப்பதுமில்லை. வலி இல்லாமையால் நோயாளி உதவி தேடுவதுமில்லை. கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் பின்னர் கரிகிரியிலும் இத்தகையோருக்காக உழைத்தார். கண் மருத்துவரான அவர் துணைவி மார்கரெட், அவர்களுடைய கண்களைக் காக்க முனைந்தார். அங்கே மேற்கொள்ளப்பட்ட அறுவைகளுள் ஒன்று சிந்தனைக்குரியது. பல்லைக் கடிக்கும்போது நெற்றிப்பொட்டில் புடைத்தெழும் தசை, முக நரம்புக்கு உட்பட்டதன்று. ஐந்தாவது நரம்பின் தாடைக்கிளையால் இயங்குவது. தொழுநோய் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. அத்தசையின் ஒரு கீற்றை இமைகளுக்குக் கொண்டுவந்து பொருத்தினால், பல்லைக் கடிக்குந்தோறும் கண் மூடும். தன்னியல்பாய் நடந்த ஒன்றை, அம்மனிதர் நினைவோடு செய்யப் பழக வேண்டும்.

இன்று தொழுநோய்க்கு முழுமையான மருந்து உண்டு. காலத்தே உண்டால் நரம்புகள் தப்பும். முகவாதத்திலும் நிலை அதுவே. சானமாவின் ஓர் இல்லத்தில் ஒருவர் முகம் கோணி எழுந்தால், அவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது 'காற்று அடித்ததா?' என்பதன்று, 'கண் மூடுகிறதா?' என்பதே.