காப்பறையில் வைத்த பொருள்



அமராவதி ஆற்றங்கரையிலுள்ள கொமரலிங்கம் எனது ஊர். நெல்வயல்களுக்கிடையே வளர்ந்த நான், திருப்பூர்ப் பின்னலாடை வணிகத்திற்கென ஜாவா மொழியில் இணையச் செயலிகள் எழுதி வருகிறேன். அத்தொழிலில் பட்டறிந்த பாடமொன்றை இன்று கூற விழைகிறேன்.

இணையத்தின் எச்.டி.டி.பி. முறைக்கு நினைவாற்றல் இல்லை. ஒருவர் அடுத்தடுத்து விடுக்கும் இரு வேண்டுகோள்களும் அதற்கு அயலார் இருவர் விடுத்தவை போன்றவையே. கோயில் வாயிலில் காலணியை ஒப்படைத்தால் வில்லை தருகிறார்கள் அல்லவா? அவ்வாறே சர்வரும் வாடிக்கையாளருக்கு ஓர் அடையாளக் குறியைக் குக்கியாகக் கொடுத்து, அவருக்குரிய பொருள்களைத் தன்னிடம் வைத்துக்கொள்கின்றது. அந்தக் காப்பறையே செஷன் எனப்படுவது.

சில ஆண்டுகளுக்கு முன், நான் எழுதிய செயலியில் வணிகர் ஒருவர் இரு சாளரங்களைத் திறந்து வைத்துப் பனியன் ஆர்டர்களைச் சேர்த்தார். ஒன்று பதிவாயிற்று, மற்றொன்று மறைந்தது. காரணம் யாது? இரு வேண்டுகோள்களையும் சர்வர் இரண்டு இழைகளில் ஒரே நேரத்தில் நடத்தியது. இரண்டு இழைகளும் செஷனிலிருந்த ஒரே அர்ரேலிஸ்ட்டில் ஒருசேரக் கை வைத்தன. அப்பட்டியலோ அதற்கென அமைந்ததன்று. பொருளைக் காப்பறையில் வைப்பதும் எடுப்பதும் பழுதின்றி நிகழச் சர்வர் பொறுப்பேற்கும். பொருளின் உள்ளே நிகழும் மாற்றத்திற்கு எழுதியவரே பொறுப்பு. இதனை நான் மறந்திருந்தேன்.

பின்னர், சேர்ப்பதும் படிப்பதும் ஒரே பூட்டின்கீழ் ஒன்றன்பின் ஒன்றாக நிகழுமாறு அப்பொருளைத் திருத்தினேன். உறுதியான ஆர்டரை உடனே தரவுத்தளத்தில் எழுதலானேன்; செஷன் தற்காலிக இடமேயன்றிப் பத்தாயம் அன்று. டாம்கேட் சர்வரில் வேறு ஏற்பாடு செய்யாவிடில் 30 நிமிடம் வாளாவிருந்த செஷன் காலாவதியாகின்றது.

வேறு சிலவும் உண்டு. செஷனில் வைப்பது சிறிதாக இருத்தல் நலம். சர்வர்கள் பல இருப்பின், பொருள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்ல நேரும். ஆதலின் அது ஸீரியலைசபிள் ஆக இருத்தல் வேண்டும். அதனை மாற்றியபின் மீண்டும் செட்ஆட்ரிபியூட் கட்டளையால் வைத்தால்தான் மாற்றம் நிகழ்ந்ததைச் சர்வர் ஐயமின்றி அறியும். தரவுத்தள இணைப்பை அங்கே வைத்தல் கூடாது.

வில்லையும் களவு போகலாம். ஆகவே, ஒருவர் கடவுச்சொல் தந்து நுழைந்தவுடன் பழைய குறியை மாற்றிப் புதியது தருதல் வேண்டும். 2013-இல் வந்த சர்வ்லெட் 3.1 இதற்கெனத் தனிக் கட்டளையே வகுத்துள்ளது. அவர் வெளியேறுகையில் செஷனை அழித்துவிடுதல் வேண்டும்.

அன்று மறைந்தது பட்டியலின் ஒரு வரிதான். ஆயினும் அவ்வரியை நம்பி நூலும் சாயமும் பின்னல் எந்திரமும் காத்திருக்கும் ஊர் நம்முடையது.