பழகிப்போகும் நஞ்சு

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப் புகழ்பெற்ற பாகூரிலோ, வில்லியனூரை அடுத்த சிற்றூர்களிலோ, தெளிப்பானை முதுகிற் சுமந்து பல ஆண்டுகள் வயலில் இறங்கிய உழவர் ஒருவர், "முதலில் தலை சுற்றியது, இப்போது மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது" என்பாரானால், அது வெறும் பேச்சன்று. ஆனால் ஆறுதலுக்குரிய செய்தியுமன்று.

நரம்பு தசைக்குச் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்னும் திரவியத்தைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அதனை அழிப்பது கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. குளோர்பைரிபாஸ், அசிபேட் முதலிய பூச்சிமருந்துகள் இந்நொதியை முடக்கிவிடுவதால், சேதி ஓயாமல் ஒலித்து, வியர்வை பெருகி, வாயில் நீர் ஊறி, கண்மணி சுருங்கி, அளவு மிகுந்தால் சுவாசமே தடைப்படுகிறது.

இவ்வகை விஷத்தைச் சிற்றளவில் நாள்தோறும் ஊட்டப்பெற்ற எலிகளிடம் விஞ்ஞானிகள் கண்டது விசித்திரமானது: நொதி குன்றியே கிடக்க, நடுக்கமும் உமிழ்நீர்ப் பெருக்கும் மட்டும் சில நாட்களில் மறைந்தன. இடைவிடாது தட்டப்படும் வீடு தன் கதவுகளிற் சிலவற்றைச் சுவராக்கிக்கொள்வதுபோல, உயிரணுக்கள் அச்சேதியை ஏற்கும் மஸ்கரினிக் ஏற்பிகளின் எண்ணிக்கையையே குறைத்துக்கொண்டன. அதற்கு விலையும் உண்டு. சில ஆய்வுகளில் அத்தகைய எலிகள் ஞாபகசக்திப் பரீட்சையில் பின்தங்கின.

அறிகுறி மறைந்தமையால் அபாயம் மறைந்ததாகாது. நொதியின் கையிருப்பு குறைந்த சரீரத்தில் அடுத்த தெளிப்பு முன்னினும் கடுமையாகத் தாக்கக்கூடும். குறைவை இரத்தப் பரிசோதனையே காட்டும்; சிவப்பணுக்களில் மீளாதவாறு முடங்கிய நொதிக்கு ஈடு, புதிய அணுக்கள் பிறந்தே வரவேண்டும்; ஓர் அணுவின் ஆயுளோ ஏறத்தாழ 120 நாட்கள்.