பெட்டிக்கு மணி தெரியுமா?

பெங்களூரில் எங்கள் தெருவில் தினமும் மாலை 7 மணிக்கு மையம் கூடும். வருகிறவர்களில் பாதிப் பேர் தையல் யூனிட்டில் வேலை செய்யும் அக்காக்கள். ஒரு மாதம், சம்பளம் வந்த மறுநாள், ஒரு அக்கா சம்பளச் சீட்டோடு வந்தார்.

"பாப்பா, இதைப் பாரு. 19-ம் தேதி எனக்கு அரை நாள் போட்டிருக்காங்க. நான் முழு நாள் இருந்தேன்."

சீட்டை அவரே படித்திருந்தார். போன வருடம் இதே அக்காவுக்குப் பேருந்து நம்பர் கூடத் தெரியாது.

"சூப்பர்வைசரைக் கேட்டீங்களா அக்கா?"

"கேட்டேன். மிஷின் பொய் சொல்லாதும்மா, நீதான் 3 மணிக்கே போயிருக்கேன்னு சொல்றார்."

உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் அப்போது அக்கா மேல்தான் சந்தேகம் வந்தது. மிஷின் எப்படித் தவறாகச் சொல்லும் என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் அந்த அக்கா, 19-ம் தேதி வருகைப் பட்டியல் முழுவதையும் போனில் படம் பிடித்து வந்தார். அதைப் பார்த்தோம். அந்த யூனிட்டில் 38 பேர். கிட்டத்தட்ட எல்லோருமே மாலை 3 மணி 17 நிமிடத்தை ஒட்டி வீட்டுக்குப் போனதாக எழுதியிருந்தது. 38 பேரும் ஒன்றாக ஓடிப் போனார்களா என்ன?

அந்த யூனிட் வாசலில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அட்டையைக் காட்டினால் 'பீப்' என்று சத்தம் வரும். பெயரும் நேரமும் பதிவாகும். பெட்டிக்குள் இருப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். ஒரே ஒரு பலகையில் எல்லா உறுப்புகளையும் வைத்துச் செய்தது. ஏ.டி.எம். கார்டு அளவுதான் இருக்கும். ராஸ்பெர்ரி பை என்று பெயர். இங்கிலாந்தில் உருவானது. 2012-ல் விற்பனைக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பழக வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இப்போது இது போன்ற பலகைகளைப் பல வேலைகளுக்கு வைக்கிறார்கள். மழை அளக்க, பம்பு செட்டை ஓடவிட, வருகை எடுக்க என்று.

விலையைக் குறைக்கச் சில உறுப்புகளை விட்டுவிட்டார்கள். அப்படி விட்ட ஒன்றுதான் நம் கதைக்குக் காரணம்.

உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கரண்ட் போனால் அது நிற்குமா? நிற்காது. உள்ளே செல் இருக்கிறது. செல்லோடு ஒரு துண்டு படிகமும் இருக்கிறது. குவார்ட்ஸ் என்பார்கள். மின்சாரம் பட்டால் அது அதிரும். வினாடிக்கு 32,768 முறை. ஏன் இந்த எண்? இதைப் பாதியாக்குங்கள். மறுபடி பாதியாக்குங்கள். இப்படி 15 முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும். வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். முள் நகரும். நம்பவில்லை என்றால் நோட்டில் போட்டுப் பாருங்கள். எங்கள் மையத்தில் ஒரு வகுப்பு முழுவதும் இதில்தான் போயிற்று.

மேசை மேல் வைக்கிற பெரிய கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி ஒரு கடிகாரம் உண்டு. அதற்குப் பொத்தான் மாதிரி ஒரு செல்லும் உண்டு. கம்ப்யூட்டரை நிறுத்தினாலும் இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த யூனிட்டுப் பெட்டியில் இருந்த சின்னப் பலகையில் இது இல்லை. கரண்ட் இருக்கும் வரை அது வினாடிகளை எண்ணும். கரண்ட் போனால் எண்ணுவது நின்றுவிடும். தூங்கி எழுந்தவருக்கு எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று தெரியாது அல்லவா? அதே நிலைதான்.

இது போன்ற கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 முதல் எத்தனை வினாடி ஆயிற்று என்றுதான் கணக்கு வைக்கும். கணக்கு அடியோடு மறந்துபோனால் 1970 என்றே காட்டும். அது நடக்காமல் இருக்க ஒரு உபாயம் செய்திருக்கிறார்கள். மணிக்கு ஒரு முறை, "இப்போது இத்தனை மணி" என்று பெட்டி தன் நினைவு அட்டையில் எழுதி வைக்கும். கரண்ட் போய் வந்தால் கடைசியாக எழுதிய நேரத்தைப் படிக்கும். அதிலிருந்து எண்ணத் தொடங்கும். இது உத்தேசம்தான். ஆனால் திரையில் பார்க்கிறவருக்கு உத்தேசம் என்று தெரியாது. அசல் நேரம் மாதிரியே இருக்கும்.

இப்போது 19-ம் தேதிக்கு வருவோம். அன்று மதியம் 2 மணிக்குக் கரண்ட் போனது. 4 மணிக்கு வந்தது. இரண்டு மணி நேரமும் அக்காக்கள் சும்மா இருக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிசிறு நூல் வெட்டினார்கள். பெட்டி கடைசியாக எழுதி வைத்த நேரம் 1 மணி 17 நிமிடம். ஆக, 4 மணிக்கு எழுந்த பெட்டி "இப்போது மணி 1:17" என்று நினைத்துக்கொண்டது. அதாவது 2 மணி 43 நிமிடம் பின்தங்கிவிட்டது. மாலை 6 மணிக்கு எல்லோரும் அட்டையைக் காட்டினார்கள். 6 மணியிலிருந்து 2 மணி 43 நிமிடத்தைக் கழியுங்கள். 3:17 வருகிறதா?

கணக்கு சரியாக வந்துவிட்டது. ஆனால் கணக்கைச் சொன்னால் சூப்பர்வைசர் ஒப்புவாரா? ஆதாரம் வேண்டும். அதையும் அந்த அக்காவே கண்டுபிடித்தார். பட்டியலில் வரிசை எண் இருந்தது. 45-வது வரிசை, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்த ஒரு பெண். நேரம் 1:45. 46-வது வரிசை, கரண்ட் வந்த பிறகு பர்மிஷன் போட்டு வெளியே போன பெண். நேரம் 1:27.

"பாப்பா, 46 பின்னால வருது. ஆனா அதோட நேரம் முன்னால இருக்கே. நேரம் பின்னாடி போகுமா?"

நான் அந்த இரண்டு வரிகளையும் பலமுறை பார்த்திருந்தேன். எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் நான்கைந்து பேராகப் போய்ப் பட்டியலைக் காட்டினார்கள். முதலாளி, பெட்டி செய்து கொடுத்த தம்பியைக் கூப்பிட்டார். தம்பி பார்த்தவுடன் ஒப்புக்கொண்டான். "நெட் இருந்தா தானா சரி பண்ணிக்கும் சார். அன்னிக்கு நெட் இல்லை" என்றான். நெட்டுக்குப் பணம் கட்டாமல் விட்டிருந்தார்களாம்.

நெட் இருந்தால் எப்படிச் சரியாகும்? தூரத்தில் நேரம் சொல்வதற்கென்றே கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. நம் பெட்டி அவற்றைக் கேட்கும். பதில் வருவதற்குள் கொஞ்ச நேரம் ஓடிவிடுமே, அப்போது அந்தப் பதில் பழசாகிவிடாதா? இதற்கு ஒரு வழி உண்டு. பக்கத்துத் தெரு டீக்கடையில் சரியான கடிகாரம் இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் வாட்சில் 10 மணிக்குக் கிளம்புகிறீர்கள். கடைக் கடிகாரம் 10:30 காட்டுகிறது. நிற்காமல் வீடு திரும்பும்போது உங்கள் வாட்சில் 10:20. போய்வர 20 நிமிடம். திரும்பி வர மட்டும் 10 நிமிடம். அப்படியென்றால் இப்போது சரியான நேரம் 10:40. உங்கள் வாட்ச் 20 நிமிடம் பின்னால் இருக்கிறது. கம்ப்யூட்டரும் இதே கணக்கைத்தான் போடுகிறது. நிமிடத்துக்குப் பதில் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் போடுகிறது. 1985-ல் அமெரிக்காவில் டேவிட் மில்ஸ் என்பவர் இந்த முறையை ஏற்படுத்தினார். இன்றும் உலகம் முழுவதும் இதுதான். வித்தியாசம் சிறிதாக இருந்தால் கடிகாரத்தைச் சட்டென்று தள்ளாது. கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டுச் சேர்த்துவிடும்.

சரி, நம் நாட்டுக்குச் சரியான நேரத்தை யார் வைத்திருக்கிறார்கள்? புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. சீசியம் என்ற உலோகத்தின் அணுவிலிருந்து வரும் அலை 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை துடித்தால் ஒரு வினாடி. இந்திய நேரம் 1906 முதல் வழக்கில் உள்ளது. உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூர் அருகே போகும் எண்பத்திரண்டரை பாகைக் கோட்டை வைத்துக் கணக்கிட்டது. உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். பெட்டியில் ஊரை மாற்றி வைத்தால் அந்த ஐந்தரை மணியும் குழம்பிவிடும்.

நெட் அடிக்கடி போகிற இடத்தில் என்ன செய்வது? தம்பி செய்தது இதுதான். ஒரு சிறு கடிகாரச் சில்லை நான்கு ஒயரில் பலகையோடு இணைத்தான். டி.எஸ்.3231 என்பது அதன் பெயர். அதற்கென்று பொத்தான் செல் உண்டு. கரண்ட் போனாலும் ஓடும். சாதாரணப் படிகம் சூட்டிலும் குளிரிலும் துடிப்பை மாற்றும். ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு வினாடி தவறும். மாதத்துக்கு ஒரு நிமிடம் போல ஆகும். இந்தச் சில்லு சூட்டை அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆண்டுக்கே ஒரு நிமிடம் போலத்தான் தவறும். வருகைப் பதிவுக்கு இது தாராளம்.

இதில் இரண்டு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கும் சில சில்லுப் பலகைகள் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றும். சார்ஜ் ஏற்றக் கூடாத சாதாரணப் பொத்தான் செல்லை அதில் போட்டால் செல் உப்பிப் போகும். எந்தச் செல் என்று கேட்டுத்தான் போட வேண்டும். அடுத்து, முதல் முறை நேரத்தைச் சரியாக வைத்துக் கொடுக்க வேண்டும். தப்பான நேரம் கொடுத்தால் அந்தத் தப்பையே பத்திரமாகக் காப்பாற்றும்!

2023-ல் வந்த ராஸ்பெர்ரி பை 5 பலகையில் கடிகாரத்தை உள்ளேயே வைத்துவிட்டார்கள். ஆனால் செல்லைத் தனியாக வாங்கிச் சொருக வேண்டும். சொருகாவிட்டால் பழைய கதைதான்.

அடுத்த மாதச் சம்பளத்தில் 38 பேருக்கும் அந்த அரை நாள் சேர்ந்து வந்தது. இப்போது பெட்டியின் மேல் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறது. செல் மாற்றிய தேதி அதில் இருக்கிறது. அக்காதான் எழுதினார். காலையில் முதலில் வருகிறவர் பெட்டி நேரத்தையும் போன் நேரத்தையும் பார்க்கிறார். கரண்ட் போய் வந்தாலும் பார்க்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு நோட்டில் எழுதி, அன்றே சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.