அரசிலையில் ஓர் இதயம்

கைவேலைக் காலம் – 11

"பெரியம்மா, நெஞ்சுக்குள்ள இருக்கிற இதயம் இப்படியா இருக்கும்? அறிவியல் புத்தகத்துல வேற மாதிரியில்ல போட்டிருக்கு?"

போன வருஷம் தை மாதத்தில் தங்கை மகன் இப்படிக் கேட்டான். அவன் கையில் பளபளவென்று ஒரு சிவப்புத் தோரணம், சிறு சிறு இதயங்களாகக் கோத்தது, முழுக்க பிளாஸ்டிக். தேனி கடைத்தெருவில் பிப்ரவரி நெருங்க நெருங்க இந்தச் சாமான்கள் வந்து தொங்கத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு அதன் நிறம் பிடித்திருக்கிறது, வாங்கித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை.

அவனுக்கு வாயால் பதில் சொல்லவில்லை. அவனையும் தம்பி மகளையும் கூட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தேன். பழனிசெட்டிபட்டியை இன்று பார்ப்பவர்களுக்கு அது தேனியோடு ஒட்டிப்போன ஊராகத்தான் தெரியும். கம்பம் சாலையின் இரைச்சலைத் தாண்டி முல்லைப் பெரியாற்றுத் தடுப்பணைப் பக்கம் போனால் ஊர் வேறு முகம் காட்டும். கரையில் அரசமரம், கொஞ்சம் தள்ளிப் பூவரசு. ஒரு அரசிலையைப் பறித்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். பையன் இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். காம்பருகே இரு தோளும் புடைத்து, கீழே கூராக இறங்கும் அதே வடிவம். பூவரசிலையும் அப்படித்தான். வீட்டில் அம்மாச்சியின் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தால் அங்கேயும் அதே வடிவம் அடுக்கடுக்காக இருக்கிறது. கொடிக்கால்களுக்குப் பேர்போன சின்னமனூர் எங்களுக்கு எட்டும் தூரத்தில்தான். இந்த வடிவத்தை நாங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார். "காதலர் தினத்துக்கெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்னத்தா வேல?" நியாயமான கேள்விதான், பல வீடுகளில் எழும். பின்லாந்து நாட்டில் பிப்ரவரி 14 நண்பர்கள் தினம். அங்கே பிள்ளைகள் கூட்டாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் வாழ்த்து அட்டை செய்து கொடுக்கிறார்கள். எஸ்தோனியாவிலும் அப்படித்தான். அம்மாவிடம் அதைச் சொன்னேன். ஆனாலும் அவருக்குச் சரியென்று பட்டது வேறொரு காரணம். ஜனவரி 15 ஆம் தேதி பென்னிகுயிக் பிறந்த நாளன்று எங்கள் கம்பம் பள்ளத்தாக்கே பொங்கல் வைக்கிறது. 1841 இல் பிறந்த அந்தப் பொறியாளர் முன்னின்று கட்டிய பெரியாறு அணை 1895 இல் முடிந்தது. லோயர்கேம்ப் தொடங்கி எங்கள் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது அந்தத் தண்ணீரில்தான். கண்ணால் பார்த்திராத ஒரு மனிதருக்காகப் பாலார்பட்டியில் ஊர்கூடிப் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். இதுவும் அன்புதானே? அதனால் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். செய்கிற ஒவ்வொரு இதயமும் யாருக்கு என்று முதலில் முடிவு செய்யணும். ஆள் முடிவான பிறகுதான் கத்தரி.

இனி வேலைக்கு வருவோம். அரசிலையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நாள் பிடிக்கும். கிழியாத, பூச்சி அரிக்காத, முற்றிய இலைகளாகப் பார்த்து ஒரு பழைய மண்பானையில் தண்ணீர் விட்டு அமிழ்த்தி, மேலே ஒரு கல்லை வைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் சதை அழுகி நெகிழும். நாற்றம் அடிக்கும், ஆகவே பானை கொல்லைப்புறத்தில் இருக்கட்டும். இலையை ஒரு தட்டில் தண்ணீரோடு பரப்பி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் காம்பிலிருந்து நுனி நோக்கி மெல்லத் தடவினால் பச்சை கரைந்து ஓடி நரம்பு மட்டும் நிற்கும். பழைய நோட்டுத் தாள்களுக்கு நடுவே வைத்து உலர்த்தினால் சல்லடைத் துணிபோல ஓர் இதயம் கிடைக்கும். முதல் இலை கிழியும், இரண்டாவதும் கிழியலாம். தம்பி மகளுக்கு நான்காவதுதான் முழுசாக வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவள் ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள். அந்த நிமிஷத்துக்காக மூன்று வாரம் காத்திருக்கலாம்.

இலை ஊறுகிற நாட்களில் செய்வதற்கு மஞ்சள் இருக்கிறது. மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவிடுங்கள். சோப்புக் கட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஒரு குச்சியில் பஞ்சு சுற்றி அதில் தோய்த்து, மஞ்சள் தாளில் இதயம் வரையச் சொல்லுங்கள். கோடு போகிற வழியெல்லாம் செங்காவியாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே சங்கதி. காரத்தன்மை பட்டால் மஞ்சளில் உள்ள குர்குமின் நிறம் மாறும். சுண்ணாம்பில் இன்னும் நன்றாகச் சிவக்கும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகள் கைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். இந்தத் தாள்களை வெயில் படாத சுவரில் ஒட்டுங்கள், வெயில் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை. ஒரு கரண்டி மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சினால் முடிந்தது. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. பிள்ளைகள் விரல் விடுகிற பசையில் அது கூடவே கூடாது, நஞ்சு. அன்றன்று காய்ச்சி அன்றன்று தீர்த்துவிடுங்கள்.

இந்தத் தொடரில் முன்பு குருத்தோலைப் பின்னல் பழகினோம் அல்லவா, அந்தக் கை இங்கே உதவும். டென்மார்க்கில் இரு நிறத் தாள்களைப் பட்டை பட்டையாக வெட்டிப் பின்னி இதயம் செய்து கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் வழக்கம் உண்டு. குழந்தைக் கதைகள் எழுதிய ஆண்டர்சன் 1860 இல் செய்த ஒன்றுதான் இன்று இருப்பவற்றில் பழையது என்கிறார்கள். இரு நிறத்தில் இரண்டு நீளத் துண்டுகள் எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, மடிப்பில்லாத முனையை வளைவாக நறுக்குங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து ஒரே அளவில் இரண்டு வெட்டு. இப்போது ஒவ்வொன்றிலும் மூன்று பட்டைகள். ஒன்றின் பட்டையை மற்றதன் மடிப்புக்குள் நுழைக்க வேண்டும், அடுத்ததைத் தன் மடிப்புக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும், மறுபடி நுழைக்க வேண்டும். பின்னி முடித்தால் வாய் திறக்கிற சிறு பை ஆகிவிடும், உள்ளே ஒரு மிட்டாயோ எழுதிய சீட்டோ வைக்கலாம். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது சிரமம், வற்புறுத்தாதீர்கள். அவர்களுக்குத் தாளை விசிறி மடிப்பாக மடித்து, ஓரம் அறுந்துபோகாமல் வெட்டிப் பிரித்தால் வரிசையாகக் கைகோத்து நிற்கும் இதயங்களே போதும்.

எனக்கு இவை எல்லாவற்றிலும் பிடித்தது துணி இதயம்தான். தையற்காரரிடம் கேட்டால் வெட்டுத்துணி தருவார். இரண்டு துண்டுகளை இதயமாக வெட்டி, ஓரம் தைத்து, ஒரு விரல் நுழைகிற இடம் விட்டு உள்ளே இலவம்பஞ்சு அடைக்க வேண்டும். போடிப் பக்கத்து மலையடிவாரத்தில் விளைகிற பஞ்சு, எங்கள் ஊரில் பழைய தலையணையைப் பிரித்தாலே கிடைக்கும். பஞ்சோடு இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போடுங்கள். அதுவும் போடிச் சந்தைக்கு வருகிற சரக்குதான். வாசற்கால் பக்கத்தில் தொங்கவிட்டால் உள்ளே வருகிறவர்களுக்கு மணக்கும். கட்டுவதற்கு நைலான் கயிறு வேண்டாம், வாழைநார் போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை, சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிள்ளை வெட்டியதைத் திருத்தாதீர்கள். ஒரு பக்கம் பெரிசாகவும் ஒரு பக்கம் சிறிசாகவும்தான் வரும். பிள்ளை தூங்கியபின் அதைச் செதுக்கி நேராக்கி மாட்டுகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் எழுந்து பார்க்கிற பிள்ளைக்கு அது தன்னுடையதல்ல என்று உடனே தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு கத்தரியைத் தொடுவதில்லை.

போன வருஷம் எங்கள் வீட்டில் மாட்டியதில் பாதி ஒரே நாளில் போனது. திண்ணையில் பூவரசிலையை ஈர்க்குச்சியால் கோத்துத் தோரணம் கட்டியிருந்தோம், பக்கத்து வீட்டு ஆடு வந்து தின்றுவிட்டது. மிஞ்சிய இலைகளைச் சுருட்டிப் பீப்பீ ஊதிக்கொண்டு பிள்ளைகள் ஆட்டின் பின்னாலேயே ஓடினார்கள். பிளாஸ்டிக்காக இருந்தால் அந்த ஆடு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் பிளாஸ்டிக் கொடியும் ஒன்று என்பதைத் தோரணம் வாங்கப் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி மகள் தன் நரம்பிலை இதயத்தை அம்மாச்சிக்குக் கொடுத்தாள். அது இன்னும் செல்லத்துக்குள் இருக்கிறது. தங்கை மகன் மூன்று செய்தான். ஒன்று அவன் அம்மாவுக்கு, ஒன்று காலையில் பால் ஊற்றுகிற அண்ணனுக்கு. மூன்றாவதை வைத்துக்கொண்டு யோசித்தான். "பென்னிகுயிக் தாத்தாவுக்கு." பொங்கலுக்கு வாங்கிய காலண்டரில் இருந்த அவர் படத்தின் மேல் அதை மைதாப் பசையால் ஒட்டினான். சற்றுக் கோணலாக.

 பிப்ரவரி 14 க்கு மூன்று வாரம் இருக்கும்போதே அரசிலையை ஊறப் போட்டுவிடுங்கள்.