கோடு போட ஒரு லேப்டாப்

ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படிக்கும் பையனுக்கு லேப்டாப் வாங்கக் கடைக்குப் போனால், முதலில் எழும் கேள்வி ‘எத்தனை ஜிபி ராம்?’ என்பதுதான். எந்த மென்பொருளில் வரையப் போகிறான் என்று கடைக்காரரும் கேட்பதில்லை, அப்பாவும் சொல்வதில்லை. வரைபடத் தொழிலில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். மென்பொருள் முடிவானால் விண்டோஸா மேக்கா என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1982-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளைக் கொண்டுவந்தது. கணினியில் வரைவது பெரிய கம்பெனிகளுக்கே கட்டுப்படியான காலம் அது. மேஜைமேல் வைக்கும் சின்னக் கணினியே போதும் என்றது ஆட்டோகேட். டாஸ், யூனிக்ஸ், மேக் என்று பல வீடுகளில் கை நனைத்தது. 1997-இல் வந்த 14-ஆம் பதிப்பு விண்டோஸோடு நின்றுகொண்டது. மேக்குக்கு அது திரும்பியது 2010-இல்தான். அதற்குள் ஒரு தலைமுறையே விண்டோஸில் கை பழகிவிட்டது. ரெவிட், சாலிட்வொர்க்ஸ், த்ரீடிஎஸ் மேக்ஸ் மூன்றும் இன்றும் விண்டோஸுக்கு மட்டுமே.

மேக் பிரியர்களுக்கு வழியே இல்லை என்றில்லை. ஹங்கேரியில் உருவான ஆர்க்கிகேட் ஆப்பிள் கணினியில் வளர்ந்த பிள்ளை. வெக்டர்வொர்க்ஸ் 1985-இல் மினிகேட் என்ற பெயரில் மேக்கில்தான் பிறந்தது. ஆனால் வேலைக்குச் சேரும் ஆபீஸில் ரெவிட் ஓடுகிறது என்றால் இந்த வம்சாவளி உதவாது. இன்டெல் சில்லு இருந்த மேக்கில் பூட் கேம்ப் மூலம் விண்டோஸையும் ஏற்றிக்கொள்ளலாம். 2020-இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறியபின், புதிய மேக்குகளில் அந்தக் கதவு அடைபட்டது. விண்டோஸ் லேப்டாப்பிலும் இதே பொறி இருக்கிறது: ஆர்ம் வகைச் சில்லு உள்ளவற்றுக்கு ஆட்டோகேட் 2025-இன் தேவைப் பட்டியலில் இடமில்லை. பேட்டரி நெடுநேரம் நிற்கும் என்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

லினக்ஸுக்குக் காசு கொடுத்து வாங்கும் பிரிக்ஸ்கேட் உண்டு. இலவசமான ஃப்ரீகேட்டும் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்து 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது.

இனி பெட்டிக்குள். பதினாறு கோர் உள்ள புராசஸரைப் பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் ஆட்டோகேட்டின் பெரும்பாலான வேலை ஒரே கோரில்தான் நடக்கிறது. முதல் கட்டளை முடிந்து கோடு விழுந்தால்தான் அடுத்த கட்டளை அதை வெட்ட முடியும். கீழ் வரிசைச் செங்கல் வைக்காமல் மேல் வரிசை ஏறாது; சுற்றிப் பதினைந்து கொத்தனார் சும்மா நின்று என்ன பயன்? அதனால் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகம் முக்கியம். ஆட்டோகேட் 2025 பரிந்துரைப்பது 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் அடிப்படை வேகம், டர்போவில் 4-க்கு மேல். ராம் குறைந்தது 8 ஜிபி, பரிந்துரை 32. நடுவில் 16 ஜிபி வாங்கி, பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்பதும் நல்ல கணக்குத்தான். ஆனால் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராமை போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்குமுன் அதைக் கேட்டுவிட வேண்டும்.

வீட்டின் முகப்பை வெயிலும் நிழலுமாகப் படமாக்கும் ரெண்டரிங் வேறு சாதி வேலை. படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லா கோர்களும் ஒரே நேரத்தில் உழைக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கும் அங்கேதான் வேலை. பிளான், எலிவேஷன் மட்டும் போடுகிறவர் அந்தக் கார்டுக்குக் கொட்டும் பணத்தை ராமுக்கும் நல்ல திரைக்கும் திருப்பிவிடலாம்.

கீபோர்டின் வலப்பக்கம் எண்பலகை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் ஒன்பது அங்குலச் சுவருக்கு 230, கதவுக்கு 900 என்று நாள் முழுக்க எண்ணைத் தட்டுகிற தொழில் இது. டச்பேடை நம்பவே கூடாது. மவுஸின் சக்கரத்தை உருட்டினால் படம் பெரிதாகும். அழுத்திக்கொண்டு இழுத்தால் நகரும். சமையலறை மூலையிலிருந்து போர்ட்டிகோவுக்குப் போக டிராஃப்ட்ஸ்மேனுக்கு அந்த ஒரு விரல் போதும்.