மிக்ஸி ஓடும் அரை மணி நேரத்துக்காக

தசரா இரவுகளில் மைசூரு அரண்மனை மீது ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள் எரிகின்றன. மின்சாரத்தில் இந்த ஊருக்கு நீண்ட வரலாறு உண்டு. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தீட்டப்பட்ட சிவனசமுத்திரம் நீர்மின் திட்டம் 1902-ல் காவிரி நீரிலிருந்து மின்சாரம் எடுத்து, சுமார் 150 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோலார் தங்கவயலுக்கு அனுப்பியது. 1908-ல் மைசூரு நகரத்துக்கே மின்விளக்கு வந்துவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும், இதே ஊரில் மாலை நேரத்தில் சாலையோரம் நிற்கும் உணவு வண்டிகள் பலவற்றின் பின்னால் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கிறது. அதன் இடத்தில் பேட்டரி வைக்க முடியுமா என்ற கேள்விக்குப் பலரும் சுற்றுச்சூழலைக் காரணம் காட்டித்தான் பதில் சொல்கிறார்கள். அதற்கு முன்பே, வண்டியின் மின்தேவை எப்படிப்பட்டது என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

தோசைக்கல்லும் எண்ணெய்ச் சட்டியும் 19 கிலோ வணிக சிலிண்டரில் எரிபவை. அவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை. மிச்சமிருப்பதைக் கணக்கிடுவோம். மாலை ஐந்து மணி நேர வியாபாரத்தில் எல்.இ.டி விளக்குகளுக்கு 0.3 யூனிட், புகைபோக்கி விசிறிக்கு 0.4, சின்ன ஃப்ரீசருக்கு 0.6, பில் மெஷினுக்கும் செல்போன் சார்ஜுக்கும் 0.1 யூனிட் போதும். மிக்ஸி 750 வாட் என்றாலும் சட்னி அரைக்கும் நேரங்களை எல்லாம் கூட்டினால் அரை மணியைத் தாண்டாது, அதற்கு 0.4. எல்லாம் சேர்த்து 1.8 யூனிட். அதாவது சராசரியாக 360 வாட், நான்கைந்து மின்விசிறிகள் ஓடும் அளவு. ஆனால் மிக்ஸி சுழலத் தொடங்கும் கணமும் ஃப்ரீசரின் கம்ப்ரஸர் கிளம்பும் கணமும் ஒன்றாக வந்தால், சில விநாடிகளுக்கு இரண்டு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். மோட்டார் எதுவானாலும் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் எடுக்கும். அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் கடைக்காரர் 2 கே.வி.ஏ-வுக்கு மேற்பட்ட ஜெனரேட்டராகப் பார்த்து வாங்குகிறார்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வழக்கமான சிறிய ஜெனரேட்டர் அந்த அதிர்வெண்ணைத் தர நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றியே ஆக வேண்டும். நான்கு விளக்குகள் மட்டும் எரிந்தாலும் அதே 3,000 சுற்று. எரியும் பெட்ரோலில் பெரும்பகுதி இன்ஜினின் சொந்த உராய்வுக்கும் சூட்டுக்குமே போய்விடுகிறது. ஒரு டம்ளர் காபிக்கு அண்டா நிறையத் தண்ணீர் கொதிக்க வைப்பது போன்ற வேலை இது. குறைந்த சுமையில் மணிக்கு 0.7 லிட்டர் என்று வைத்தால் ஐந்து மணி நேரத்துக்கு மூன்றரை லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருப்பதால், மொத்தம் 31 யூனிட்டைக் கொளுத்தி 1.8 யூனிட் வாங்குகிறோம். நூற்றுக்கு ஆறுகூடத் தேறவில்லை. சுமைக்கேற்ப வேகத்தைக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்கள் இதில் மேல்தான். ஆனாலும் மாலை முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கும் உண்டு. பேட்டரிக்கு அது கிடையாது. கேட்கும்போது இரண்டு கிலோவாட் தரும், கேட்காதபோது ஏறக்குறைய சும்மா இருக்கும்.

வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய அமில பேட்டரியை மனதில் வைத்து, "அதைத் தூக்கி வண்டியில் வைக்கவா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவைத் தாண்டும். சீக்கிரம் கெடாமலிருக்க அதில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும். அப்படிப் பார்த்தால் நம் கணக்குக்கு இரண்டு தேவை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் இரண்டரை யூனிட் கொள்ளும் பேட்டரி ஏறக்குறைய 25 கிலோதான். ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். இதன் வேரில் ஒரு தமிழர் இருக்கிறார். தென்தமிழகத்தின் அமராபுரத்தில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி-யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், விஞ்ஞானி ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து 1980-களின் இறுதியில் செய்த ஆய்வுகள்தான் இந்த வகைப் பொருள்களுக்கு வழி திறந்தன. 2019-ல் வேதியியல் நோபல் பரிசு குட்இனஃபுக்குக் கிடைத்தபோது, அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரம்தான்.

அந்த வேதியியலிலேயே தீ பற்றிய பயத்துக்கும் பதில் இருக்கிறது. இரும்பு பாஸ்பேட்டில் ஆக்ஸிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் வெளியேறாது. கோபால்ட், நிக்கல் கலந்த வகைகளைவிடத் தீப்பிடிக்கும் அபாயம் இதில் குறைவு. அபாயமே இல்லை என்று சொல்லவில்லை. மட்டமான பேக்கும், பாதுகாப்புச் சுற்று இல்லாத இணைப்பும் ஆபத்தானவை. அடுப்புச் சூடு படும் இடத்தில் வைத்தால் பேட்டரியின் ஆயுளும் குறையும். ஆனால் இன்றைய நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கேஸ் சிலிண்டர், பக்கத்திலேயே கொதிக்கும் சைலன்சர், தீர்ந்தால் ஊற்றுவதற்குக் கேனில் பெட்ரோல். வாடிக்கையாளர் நின்று சாப்பிடும் இடத்தில் கார்பன் மோனாக்ஸைடு கலந்த புகை வேறு. சமைப்பவர் அதை ஆண்டு முழுவதும் சுவாசிக்கிறார். எனக்கு இந்த மாற்றத்தில் முதன்மையான காரணம் அவருடைய நுரையீரல்தான்.

"சார்ஜ் ஏற்றும் மின்சாரமும் நிலக்கரியில் வருவதுதானே?" என்பது அடுத்த ஆட்சேபணை. இழப்பையும் சேர்த்து ஓர் இரவுக்கு 2.2 யூனிட் ஏற்ற வேண்டும். இந்திய மின்கட்டமைப்பின் சராசரி யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு என்பதால் ஒன்றரை கிலோ வரும். மூன்றரை லிட்டர் பெட்ரோல் எட்டு கிலோ வெளியேற்றுகிறது. பாவகடா சூரியப் பூங்காவும் காற்றாலைகளும் நீர்மின் நிலையங்களும் உள்ள கர்நாடகத்தில் வித்தியாசம் இன்னும் கூடத்தான் செய்யும்.

செலவுதான் கடினமான கேள்வி. பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் ஒரு லட்சம் ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஜெனரேட்டர் விலை அதில் பாதிகூட இல்லை. ஆனால் பெட்ரோலுக்குத் தினம் 350 ரூபாய் போகிற இடத்தில் மின்சாரத்துக்கு 25 ரூபாய் போதும். ஆண்டுக்கு 300 நாள் கடை போட்டால் 97,500 ரூபாய் மிச்சம். போட்ட முதல் ஓராண்டைத் தாண்டியதும் திரும்பிவிடும். அன்றாடம் வருவதை அன்றாடம் செலவழிப்பவரிடம் அந்த முதல் இல்லை என்பதும் உண்மை. பிரதமர் ஸ்வநிதி திட்டத்தின் மூன்றாம் தவணைக் கடன் 50,000 ரூபாய், முந்தைய தவணைகளைக் கட்டி முடித்தவர்களுக்குத்தான் கிடைக்கும். எல்லா வண்டிக்கும் இது பொருந்தவும் பொருந்தாது. மின்சாரத்தில் ஓடும் சாண்ட்விச் கிரில்லோ ஓவனோ வைத்தால் தேவை 5 யூனிட்டைத் தாண்டும். பேட்டரி விலையும் இரட்டிப்பாகும். அவர்கள் முதலில் கிரில்லை கேஸுக்கு மாற்றட்டும். தசரா உணவு மேளா போல நாள் முழுக்க நடக்கும் இடங்களில் பேட்டரி மட்டும் தாங்காது. அங்கே மின்வாரிய இணைப்புதான் சரியான வழி.

இதில் அரசு செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி விற்பனை மண்டலங்களைக் குறிப்பது நகர அமைப்புகளின் பொறுப்பு. அப்படிக் குறிக்கும் ஒவ்வொரு மண்டலத்திலும், பூட்டும் மீட்டரும் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டுகள் சிலவற்றை மைசூரு மாநகராட்சியும் சாமுண்டேஸ்வரி மின் விநியோகக் கழகமும் சேர்ந்து பொருத்த வேண்டும். வண்டி வைத்திருப்பவர்களே, பேட்டரிக் கடைக்காரர் சொல்லும் பேட்டரியை அப்படியே வாங்கிவிடாதீர்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வாட் மீட்டரை ஒரு வாரம் மாட்டி, உங்கள் வண்டி தினம் எத்தனை யூனிட் எடுக்கிறது, அதிகபட்சம் எத்தனை வாட் இழுக்கிறது என்று எழுதிவையுங்கள். அந்த இரண்டு எண்களோடு கடைக்குப் போங்கள்.