திறப்பைத் திருப்பும் முன்னும் பின்னும்: வாகனத்தைச் சரியாக ஸ்டார்ட் செய்யும் முறை

மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் ஓடக்கூடிய நிலையில் ஒரு வான் இருந்தால், அது ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. சந்தைக்கு மரக்கறி போவதும், வீட்டு வேலைக்குச் சீமெந்து வருவதும், இரவில் வலி கண்ட கர்ப்பிணித் தாயை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதும் அதே வானில்தான். அவசர நேரத்தில் அது ஸ்டார்ட் ஆகாவிட்டால் பாதிக்கப்படுவது முழுக் கிராமமும்தான்.

பற்றரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் கெட்டுப்போவதற்கு வாகனத்தின் வயது மட்டும் காரணமல்ல. திறப்பைத் திருப்பும்போது நாம் காட்டும் அவசரமும் ஒரு காரணம். திறப்புப் போட்டு ஸ்டார்ட் செய்யும், கையால் கியர் மாற்றும் டீசல் வாகனங்களை மனதில் வைத்து இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

கைவிடப்பட்ட வாகனத்தைத் தொடாதீர்கள்

இடம்பெயர்ந்த காலத்தில் வீதியோரத்திலோ பற்றைக்குள்ளோ விடப்பட்ட வாகனம் உங்களுடையதாகவே இருந்தாலும், அந்த இடம் கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதியாகத் தெரியும்வரை அருகில் செல்ல வேண்டாம். வாகனத்துக்கு உள்ளேயும் கீழேயும் வெடிபொருட்கள் இருக்கலாம். கிராம அலுவலரிடம் அல்லது பொலிஸாரிடம் (119) அறிவியுங்கள். பிள்ளைகளையும் அவ்விடத்துக்குப் போகவிடாதீர்கள்.

ஏறுவதற்கு முன்

• வாகனத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். நிழலுக்காக வாகனத்தின் கீழ் பிள்ளைகளோ நாயோ ஆடோ படுத்திருக்கலாம்.
• நிலத்தில் ஒயில், டீசல் அல்லது தண்ணீர் ஒழுகியிருக்கிறதா என்று பாருங்கள்.
• ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையில் ஒயில் இருக்க வேண்டும்.
• ரேடியேற்றர் தண்ணீரை என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.
• பல நாட்கள் நின்ற வாகனமாயின், எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

திறப்பின் நான்கு நிலைகள்

பெரும்பாலான வாகனங்களில் திறப்புத் துளையைச் சுற்றி நான்கு நிலைகள் உண்டு.

லொக்: எல்லாம் நிறுத்தப்பட்ட நிலை. திறப்பை எடுத்ததும் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.
ஏசிசி: வானொலி போன்றவை மட்டும் வேலை செய்யும்.
ஓன்: வாகனத்தின் மின்சாரம் முழுவதும் கிடைக்கும். ஓடும்போது திறப்பு இருக்க வேண்டிய நிலை இதுவே.
ஸ்டார்ட்: என்ஜினைச் சுழற்றும் நிலை. கையை விட்டதும் திறப்பு தானாகவே ஓன் நிலைக்குத் திரும்பும்.

பலர் லொக்கிலிருந்து ஒரே திருப்பில் ஸ்டார்ட்டுக்குப் போய்விடுகிறார்கள். இடையில் ஓன் நிலையில் சற்று நிற்பதே இங்கு முக்கியமான பழக்கம்.

படிப்படியாக

1. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். கியர் நியூற்றலில் இருக்கிறதா என்று கம்பை இருபக்கமும் அசைத்துப் பாருங்கள். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் வாகனம் முன்னே பாயும். முன்னால் நிற்பவர் நசுங்கக்கூடும்.

2. விளக்குகள், காற்றாடி, வானொலி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பற்றரியின் சக்தி முழுவதும் ஸ்டார்ட்டருக்குப் போகட்டும்.

3. திறப்பு திரும்பவில்லையா? பலத்தைப் பாவிக்காதீர்கள், திறப்பு உள்ளேயே முறிந்துவிடும். ஸ்டியரிங்கை மெல்ல இருபக்கமும் அசைத்தபடி திருப்புங்கள்.

4. ஓன் நிலையில் நிறுத்துங்கள். ஒயில் விளக்கும் பற்றரி விளக்கும் எரிய வேண்டும். டீசல் வாகனத்தில் சுருள் கம்பி வடிவிலான விளக்கு இருந்தால் அது அணையும்வரை பொறுங்கள். அந்த நேரத்தில்தான் என்ஜினுக்குள் இருக்கும் பிளக் சூடாகிறது.

5. கிளச்சை முழுவதுமாக மிதித்து, திறப்பை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்புங்கள். என்ஜின் பிடித்ததும் உடனே கையை விடுங்கள்.

6. 5 வினாடிகளுக்குள் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அரை நிமிடமாவது பொறுத்து மீண்டும் முயலுங்கள். தொடர்ந்து சுழற்றினால் ஸ்டார்ட்டர் சூடேறிக் கருகும், பற்றரியும் இறங்கும்.

7. ஸ்டார்ட் ஆனதும் அக்சிலேற்றரை மிதித்து உறுமவிட வேண்டாம். ஒயில் மேலே ஏறச் சில வினாடிகள் தேவை. ஒயில் விளக்கு அணையாவிட்டால் உடனே என்ஜினை நிறுத்துங்கள். அப்படியே ஓடினால் என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

மூடிய கொட்டிலுக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை, அது உயிரைக் குடிக்கும்.

ஸ்டார்ட் ஆகாவிட்டால் சத்தத்தைக் கேளுங்கள்

ஓன் நிலையில் விளக்கே எரியவில்லை: பற்றரி முற்றாக இறங்கியிருக்கலாம், அல்லது அதன் வயர் கழன்றிருக்கலாம்.

"டிக், டிக்" என்ற சத்தம் மட்டும் வருகிறது: பெரும்பாலும் பற்றரி பலவீனம். பற்றரி முனைகளில் வெள்ளைப் பூப் பூத்திருந்தால், வயரைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். கழற்றும்போது முதலில் மறை முனையையும் (–), பூட்டும்போது அதைக் கடைசியிலும் செய்யுங்கள்.

நன்றாகச் சுழல்கிறது, ஆனால் பிடிக்கவில்லை: டீசல் வந்து சேரவில்லை. டீசல் முடிந்து புதிதாக ஊற்றியிருந்தால் குழாயில் காற்று நிற்கும். டீசல் பில்டருக்கு மேலுள்ள கைப்பம்பால் அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். முதல் தடவை மெக்கானிக் ஒருவர் செய்வதைப் பார்த்துப் பழகுங்கள்.

இரவில் குப்பி விளக்கையோ தீக்குச்சியையோ பிடித்துப் பற்றரியைப் பார்க்க வேண்டாம். பற்றரியிலிருந்து வரும் வாயு தீப்பற்றி வெடிக்கும். டோர்ச் மட்டும் பாவியுங்கள்.

நிறுத்தும்போது

வாகனத்தை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, திறப்பை லொக்குக்குத் திருப்பிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓன் நிலையில் விட்டால் காலையில் பற்றரி இறங்கியிருக்கும். வாகனத்திலேயே திறப்பை விட்டால் பிள்ளைகள் திருப்பிப் பார்ப்பார்கள்.

வீட்டில் திறப்புக்கென்று ஓர் ஆணி அடித்து வையுங்கள். ஓட்டத் தெரிந்த, சாரதி அனுமதிப்பத்திரம் உள்ள எல்லோருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும். நள்ளிரவில் அயல்வீட்டார் வந்து கதவைத் தட்டும்போது, இருட்டில் திறப்பைத் தேடி நிற்கக் கூடாது.